தண்ணீரில் சல்பேட் அளப்பது: மற்ற அயனிகள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளும் வழிகள்

அமிலம் சேர்த்த தண்ணீரில் ஒரு சிட்டிகை பேரியம் குளோரைடைப் போட்டுக் கலக்கினால், கொஞ்ச நேரத்தில் அது வெளுக்கத் தொடங்கும். தண்ணீரில் கரைந்திருந்த சல்பேட், பேரியத்தோடு சேர்ந்து பேரியம் சல்பேட்டாகி, கரையாமல் நுண்துகள்களாக மிதப்பதால் வரும் வெண்மை அது. எவ்வளவு வெளுத்தது என்று ஒளியை ஊடுருவ விட்டு அளந்தால், சல்பேட் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். கலங்கல் முறை என்கிற இந்தச் சோதனையின் அடிப்படை இவ்வளவுதான். அரைநாளில் கற்றுக்கொண்டுவிடலாம்.

ஆனால் கருவிக்குத் தெரிவது வெண்மை மட்டும்தான். அது சல்பேட்டால் வந்ததா, பாஸ்பேட்டால் வந்ததா, முதலிலேயே தண்ணீரில் இருந்த களிமண்ணால் வந்ததா என்று கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. அதில் முக்கால்வாசி வேலையைப் பேரியம் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். போட்ட பிறகு திருத்துவதற்கு அதிகம் மிச்சம் இருக்காது. புதிதாகச் சோதனைக்கூடத்தில் சேர்பவர்கள் கருவியைப் பழகுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது மாதிரியைத் தயார் செய்வதில் காட்டினால், பிற்பாடு வரும் குழப்பங்கள் பெரும்பாலும் வராது.

எதெல்லாம் குறுக்கே வரும்?

குறுக்கிடும் பொருள்களை இரண்டு கூட்டமாக வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். ஒரு கூட்டம் அளவைக் கூட்டிக் காட்டும், இன்னொன்று குறைத்துக் காட்டும்.

கூட்டிக் காட்டுபவற்றில் முதலில் வருபவை கார்பனேட்டும் பாஸ்பேட்டும். நடுநிலையான அல்லது காரத்தன்மையுள்ள தண்ணீரில் இவையும் பேரியத்தோடு சேர்ந்து வெள்ளையாக வீழ்படியும். பார்வைக்கு இவற்றுக்கும் பேரியம் சல்பேட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நல்லவேளையாக, அமிலத்தில் இவை தாக்குப்பிடிப்பதில்லை. கார்பனேட் கரியமில வாயுவாக வெளியேறிவிடும். பாஸ்பேட், பேரியத்தோடு சேர்ந்து படியாத அமில வடிவத்துக்கு மாறிவிடும். தொழிற்சாலைக் கழிவுகளில் வரும் குரோமேட்டும் பேரியத்தோடு படியக்கூடியதுதான். வலுவான அமிலத்தில் அதுவும் டைகுரோமேட்டாகி அடங்கிவிடும், ஆனால் அதன் மஞ்சள்-ஆரஞ்சு நிறம் போகாது. பேரியம் சல்பேட் மட்டும் நீர்த்த அமிலத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதனால்தான் எந்தச் செய்முறையை எடுத்தாலும் முதலில் அமிலம், அப்புறம்தான் பேரியம். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

இவை தவிர, மிதக்கும் துகள்களும் நிறமும் நேரடியாக ஒளியைத் தடுத்து அளவைக் கூட்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சிலிக்கா இருந்தாலும் கலங்கல் முறை தடுமாறும். சாதாரணக் குடிநீரில் அவ்வளவு சிலிக்கா வராது.

குறைத்துக் காட்டுபவைதான் ஆபத்தானவை. ஏனென்றால் தண்ணீர் தெளிவாக இருக்கும், சோதனை சுத்தமாக நடந்ததுபோல் தோன்றும், எண் மட்டும் தவறாக இருக்கும். பாலிபாஸ்பேட்டுகளும் பாஸ்பொனேட்டுகளும் இதில் முக்கியமானவை. கொதிகலன்களிலும் குளிர்விப்புக் கோபுரங்களிலும் படிவு கட்டாமல் இருக்கத்தான் இவற்றைச் சேர்க்கிறார்கள். படிகம் வளர விடாமல் தடுப்பதே இவற்றின் தொழில். பேரியம் சல்பேட் படிகத்தையும் அப்படியே தடுத்துவிடும். மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் பழுப்பு நிறக் கரிமப் பொருள்களும் இதே வேலையைச் செய்யும். இரும்பு, குரோமியம் போன்ற உலோகங்கள் அதிகமாக இருந்தால், சல்பேட்டில் ஒரு பங்கைப் பேரியத்துக்கு விடாமல் தங்களோடு இழுத்துக்கொள்ளும்.

குப்பியிலிருந்தே தொடங்குங்கள்

ஒரே இடத்திலிருந்து பல சோதனைகளுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது ஏழெட்டுக் குப்பிகள் கைவசம் இருக்கும். அம்மோனியாவுக்கும் வேதி ஆக்சிஜன் தேவைக்கும் எடுத்து வைத்த குப்பியில் கெடாமல் இருக்கக் கந்தக அமிலம் விட்டிருப்பார்கள். கந்தக அமிலம் என்றாலே சல்பேட்தான். அந்தக் குப்பியிலிருந்து சல்பேட் பார்த்தால், அளப்பது தண்ணீரை அல்ல, அமிலத்தை. அதேபோல், நுண்ணுயிர்ச் சோதனைக் குப்பிகளில் குளோரினை முறிக்கத் தயோசல்பேட் போட்டிருக்கும். அமிலத்தைச் சேர்த்ததும் தயோசல்பேட் சிதைந்து, மிக நுண்ணிய கந்தகத் துகள்களாகக் கலங்கும். பார்ப்பதற்குப் பேரியம் சல்பேட் போலவே இருக்கும். ஆக, சல்பேட்டுக்கு எதுவும் சேர்க்காத தனிக் குப்பி வேண்டும். குப்பியின் மேல் அதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

குரோமிக் அமிலத்தில் கழுவிய கண்ணாடிப் பாத்திரங்களையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கலவையில் பாதிக்கு மேல் கந்தக அமிலம்தான், எவ்வளவு அலசினாலும் சுவரில் கொஞ்சம் தங்கும். பல சலவைத்தூள்களிலும் சோடியம் சல்பேட் உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, பிறகு வாலைவடிநீரில் நான்கைந்து முறை அலசினால் போதும்.

குப்பியைக் கழுத்து வரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடி, 4 டிகிரி செல்சியஸ் அளவில் குளிராக வையுங்கள். இப்படி வைத்தால் 28 நாள் வரை தாங்கும் என்பது வழக்கத்தில் உள்ள வரம்பு. கரிமப் பொருள் அதிகமுள்ள தண்ணீரை வெப்பத்தில் வைத்திருந்தால் சில வகை நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிடும். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் ஒன்று தண்ணீரிலேயே சல்பைடு இருந்திருக்க வேண்டும், அல்லது குப்பிக்குள் சல்பேட் குறைந்துகொண்டிருக்க வேண்டும். எதிர்த்திசையிலும் மாற்றம் நடக்கும். சல்பைட்டு எனப்படும், ஆக்சிஜன் ஓர் அணு குறைவான அயனி, காற்றுப் பட்டால் சல்பேட்டாக மாறி அளவைக் கூட்டும். கொதிகலன் நீரில் ஆக்சிஜனை நீக்கச் சல்பைட்டு போடும் வழக்கம் இருப்பதால், அங்கிருந்து வரும் மாதிரிகளில் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

சல்பைடோ சல்பைட்டோ இருப்பது தெரிந்தால், மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அமிலமாக்கி, நைட்ரஜன் வாயுவைக் கொஞ்ச நேரம் குமிழியிட விட்டு விரட்டிவிடலாம். காற்றைக் குமிழியிடக் கூடாது, காற்றிலுள்ள ஆக்சிஜன் சல்பைட்டைச் சல்பேட்டாக்கிவிடும். வெளியே வருவது ஹைட்ரஜன் சல்பைடும் கந்தக டைஆக்சைடும். இரண்டும் நச்சு வாயுக்கள். புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து மட்டுமே இதைச் செய்யுங்கள்.

வடிகட்டல், நீர்த்தல்

மாதிரியை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள். வடிதாளை முதலில் வாலைவடிநீரில் அலசிக்கொள்ளுங்கள், முதலில் வரும் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டுவது அமிலம் சேர்ப்பதற்கும் நீர்ப்பதற்கும் முன்பு நடக்க வேண்டும். கலங்கலில் ஜிப்சம் துகள்கள் இருந்தால் அவை நீர்க்கும்போது கரைந்து, கரைந்திருந்த சல்பேட்டின் கணக்கில் சேர்ந்துவிடும்.

கலங்கல் முறை ஒழுங்காக வேலை செய்வது லிட்டருக்குச் சுமார் 1 முதல் 40 மில்லிகிராம் வரை. 40-ஐத் தாண்டினால் துல்லியம் குறையும். 50-ஐத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் இறங்கத் தொடங்கும், அளவு நிலையாக நிற்காது. நிலத்தடி நீரில் பல நூறு மில்லிகிராம் இருப்பது சாதாரணம். கடல்நீரில் சுமார் 2,700. அதனால் பெரும்பாலான மாதிரிகளை எப்படியும் நீர்த்தே ஆக வேண்டும்.

இதைக் கூடுதல் வேலையாக நினைக்காதீர்கள். குறுக்கீட்டுக்கு எதிராக நம் கையில் இருப்பவற்றில் மிகவும் மலிவான மருந்து நீர்த்தல்தான். பத்து மடங்கு நீர்த்தால் சல்பேட் மட்டுமல்ல, நிறம், இரும்பு, பாலிபாஸ்பேட், கரிமப் பொருள் எல்லாமே பத்தில் ஒன்றாகிவிடும். சல்பேட் இன்னும் அளக்கும் எல்லைக்குள் இருக்கும், தொல்லை கொடுப்பவை தொல்லை கொடுக்கும் அளவுக்குக் கீழே போயிருக்கும். எனவே 40 மில்லிகிராமைத் தொட்டும் தொடாமலும் அளக்க முயலாமல், 15 முதல் 25-க்குள் விழும்படி நீர்த்துக்கொள்வது நல்லது. சல்பேட் குறைவாகவும் மற்றவை அதிகமாகவும் உள்ள மாதிரியில் மட்டும் இந்த உத்தி பலிக்காது. அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் வருகிறது.

கரைசல்கள்

நியமக் கரைசல் (சல்பேட் அளவு முன்பே தெரிந்த, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கரைசல்): நீரற்ற சோடியம் சல்பேட்டை உலர்த்தி ஆறவைத்து, 0.1479 கிராம் நிறுத்து, வாலைவடிநீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். இதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சல்பேட் இருக்கும்.

தாங்கல் கரைசல் (அமிலத்தன்மையை ஒரே நிலையில் வைத்திருப்பது): மெக்னீசியம் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது) 30 கிராம், சோடியம் அசிட்டேட் (மூன்று நீர் மூலக்கூறு கொண்டது) 5 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1 கிராம், அடர் அசிட்டிக் அமிலம் 20 மில்லிலிட்டர். இவற்றை அரை லிட்டர் நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். 100 மில்லிலிட்டர் மாதிரிக்கு இதில் 20 மில்லிலிட்டர்.

இந்தக் கரைசலில் ஏன் இவ்வளவு உப்பு என்று கேட்கலாம். ஒரு மாதிரியில் உப்பு குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் இருந்தால், அதே அளவு சல்பேட்கூட இரண்டிலும் வேறு வேறு அளவுள்ள துகள்களாகப் படியும், கலங்கலும் வேறுபடும். நாமே எல்லா மாதிரியிலும் நிறைய உப்பைச் சேர்த்துவிட்டால், மாதிரிக்கு மாதிரி இருந்த வேறுபாடு அதில் அமுங்கிவிடும். கிளிசரால், ஆல்கஹால், ஹைட்ரோகுளோரிக் அமிலம், சாதாரண உப்பு சேர்ந்த பழைய கலவையின் நோக்கமும் இதேதான். அதில் கிளிசரால் துகள்கள் சீக்கிரம் அடியில் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும்.

மாதிரி மிகவும் காரமாக இருந்தால், தாங்கல் கரைசலில் உள்ள அமிலத்தைக் கார்பனேட்டே தின்றுவிடும். தாங்கல் சேர்த்த பிறகு ஒரு சொட்டை எடுத்துப் பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். 4-ஐ ஒட்டி இருந்தால் சரி. 5-ஐத் தாண்டியிருந்தால், புதிதாக மாதிரி எடுத்து முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு நொடி வேலை, ஆனால் கார்பனேட் குறுக்கீட்டை அங்கேயே பிடித்துவிடும்.

பேரியம் குளோரைடைக் கரைசலாக அல்ல, படிகமாகவே போடுவது வழக்கம். 20 முதல் 30 மெஷ் சல்லடை அளவில் ஒரே சீரான படிகங்கள் வேண்டும். படிகத்தின் அளவு மாறினால் கரையும் வேகம் மாறும், வேகம் மாறினால் துகளின் அளவு மாறும். ஒரு புட்டி தீர்ந்து புதுப் புட்டியைத் திறந்தால், நியமக் கரைசலை அளந்து வரையும் அளவீட்டு வரைபடத்தையும் புதிதாகப் போடுங்கள்.

சோதனை

1. குளிரில் இருந்த மாதிரியும் கரைசல்களும் அறை வெப்பநிலைக்கு வரட்டும். குளிர்ந்த நீரில் படிகம் உருவாகும் விதமே வேறு. போதாக்குறைக்கு, ஒளிமானிக்குள் வைக்கும் சிறு கலமான குவெட்டின் வெளிச்சுவரில் பனி படர்ந்து அதுவும் கலங்கலாகப் பதிவாகும்.

2. நியமக் கரைசலிலிருந்து 0, 5, 10, 15, 20, 30, 40 மில்லிலிட்டர் எடுத்து ஒவ்வொன்றையும் 100 மில்லிலிட்டராக்குங்கள். இவை முறையே லிட்டருக்கு 0 முதல் 40 மில்லிகிராம் வரையான படிகள்.

3. மாதிரியையும் தேவைப்பட்ட அளவு நீர்த்து 100 மில்லிலிட்டராக்கி, 20 மில்லிலிட்டர் தாங்கல் சேர்த்துக் காந்தக் கலக்கியில் வையுங்கள்.

4. இந்த நிலையில், பேரியம் போடுவதற்கு முன், கொஞ்சம் எடுத்து 420 நானோமீட்டரில் ஒளிமானியில் அளந்து குறித்துக்கொண்டு, குவெட்டில் உள்ளதை அப்படியே பீக்கருக்கே திருப்பி ஊற்றுங்கள். இதுதான் அந்த மாதிரியின் சொந்தப் பிளாங்க், அதாவது கடைசி அளவிலிருந்து கழிக்க வேண்டியது.

5. கலக்கி சுழன்றுகொண்டிருக்கும்போதே ஒரு சிறு கரண்டி, அதாவது 0.2 முதல் 0.3 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள கரண்டி நிறையப் பேரியம் குளோரைடைப் போட்டு, அந்த நொடியிலேயே கடிகாரத்தை அழுத்துங்கள்.

6. சரியாக 60 நொடி கலக்குங்கள். நிறுத்தி, குவெட்டில் ஊற்றி, 5-ஆம் நிமிடத்தில் அளவைப் படியுங்கள்.

ஐந்தாவது படியில்தான் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. கரண்டியைக் கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள். படிகத்தைப் பீக்கரின் சுவரில் படாமல், சுழிக்குச் சற்றே விலகிய இடத்தில் ஒரேயடியாக விடுங்கள். கலக்கியின் வேகம் தண்ணீர் சீராகச் சுற்றும் அளவில் இருக்கட்டும். சுழி ஆழமாகி அடியில் உள்ள காந்தத்தைத் தொட்டால் காற்று உள்ளே இழுபட்டுக் குமிழிகள் உருவாகும், ஒவ்வொரு குமிழியும் கலங்கலாகவே எண்ணப்படும். கலக்கியின் வேகத் திருகில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, நியமக் கரைசலுக்கும் மாதிரிக்கும் அதே கோட்டில் வைத்து ஓட்டுங்கள். குவெட்டில் ஊற்றும்போது சுவரோரமாகச் சரித்து ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் என்பதும் ஒப்புக்குச் சொன்னதல்ல. முன்னதாகப் படித்தால் படிகம் முழுதாக வளர்ந்திருக்காது, தாமதித்தால் இறங்கத் தொடங்கிவிடும். ஒரே நேரத்தில் ஆறேழு பீக்கர்களைத் தொடங்கிவிட்டு ஓடி ஓடி அளப்பதைவிட, ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடுவது நல்லது.

வரைபடத்தின் அடிப்பகுதி, அதாவது 5 மில்லிகிராமுக்குக் கீழே, நேர்கோடாக இருக்காது. மிகக் குறைந்த சல்பேட்டில் படிகக் கருக்கள் உருவாகவே தயங்கும். 10-க்குக் குறைவான மாதிரிகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. தாங்கல் கரைசல் ஒரு லிட்டரில் 0.111 கிராம் சோடியம் சல்பேட்டையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு மாதிரியிலும் நியமத்திலும் 1.5 மில்லிகிராம் சல்பேட் நாமே போட்டதாக இருக்கும், அளவு வரைபடத்தின் நேரான பகுதிக்கு ஏறிவிடும். இந்தத் தாங்கலோடு வெறும் நீரை ஓட்டி வரும் அளவைக் கழித்தால் போதும்.

பிளாங்க் ஒன்றல்ல, இரண்டு

புதியவர்கள் வழக்கமாக ஒரு பிளாங்க்தான் வைப்பார்கள்: வாலைவடிநீர், தாங்கல், பேரியம். இது கரைசல்களில் அசுத்தமாக உள்ள சல்பேட்டைக் காட்டும். தேவையானதுதான். ஆனால் மாதிரியின் நிறத்தையும் மிதக்கும் துகளையும் இது காட்டாது. அதற்குத்தான் நான்காவது படியில் பேரியம் இல்லாமல் அளந்தது.

அந்த அளவைத் தாங்கல் சேர்த்த பிறகு எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பழுப்புக் கரிமப் பொருளில் ஒரு பகுதி அமிலம் பட்டதும் தானே திரியும். இரும்பின் மஞ்சள் நிறமும் அமிலத்தில் மாறும். வெறும் மாதிரியை அளந்து கழித்தால் இந்த மாற்றங்கள் கணக்கில் வராது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. மாதிரி 10 மில்லிலிட்டரை 100 ஆக நீர்த்தோம். பேரியம் இல்லாமல் ஒளி உட்கவர்தல் 0.012, பேரியத்தோடு 0.214. வித்தியாசம் 0.202. நம் வரைபடத்தில் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 0.010 உயர்கிறது என்றால், நீர்த்த மாதிரியில் 20.2. பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு 202 மில்லிகிராம். சொந்தப் பிளாங்க் எடுக்காமல் விட்டிருந்தால் 214 என்று எழுதியிருப்போம்.

குறைத்துக் காட்டுவதை எப்படிப் பிடிப்பது?

பிளாங்க் கூட்டலைத்தான் பிடிக்கும். குறைத்துக் காட்டும் குறுக்கீடு அதில் மாட்டாது. அதற்கு, தெரிந்த அளவு சல்பேட்டை மாதிரியோடு கூடச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பைக் என்று சோதனைக்கூடங்களில் சொல்வது இதைத்தான்.

மேலே சொன்ன அதே மாதிரி 10 மில்லிலிட்டரோடு நியமக் கரைசல் 10 மில்லிலிட்டரையும் குடுவையில் விட்டு 100 ஆக்குங்கள். இப்போது 20.2-ஓடு 10 சேர்ந்து 30.2 வர வேண்டும். 29.7 வந்தால் சேர்த்ததில் 95 விழுக்காடு திரும்பக் கிடைத்திருக்கிறது, நிம்மதியாக இருக்கலாம். 27.2 தான் வந்தது என்றால் 70 விழுக்காடு. ஏதோ ஒன்று படிகத்தை வளர விடாமல் தடுக்கிறது என்று பொருள். சேர்த்த சல்பேட்டுக்கு நேர்ந்தது மாதிரியில் இருந்த சல்பேட்டுக்கும் நேர்ந்திருக்கும், ஆகவே 202 என்ற எண்ணையும் நம்ப முடியாது.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. அதே மாதிரியை இரண்டு வேறு அளவில் நீர்த்து அளங்கள். 10 மடங்கில் 202-ம் 20 மடங்கில் 205-ம் வந்தால் சரி. 20 மடங்கில் 260 வந்தால், நீர்க்க நீர்க்கத் தடை விலகுகிறது என்று அர்த்தம். இரண்டு எண்கள் ஒத்துப்போகும் வரை நீர்த்துக்கொண்டே போங்கள். எந்த நீர்த்தலிலும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த மாதிரிக்குக் கலங்கல் முறை ஒத்துவராது. முறையை மாற்றுங்கள், மாதிரியோடு மல்லுக்கட்டாதீர்கள்.

புதிய இடத்திலிருந்து வரும் முதல் மாதிரிக்கு இந்த இரண்டு சோதனைகளையும் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தினமும் ஒரே மூலத்திலிருந்து வரும் தண்ணீர் என்றால் பிறகு அவ்வப்போது போதும். அதோடு, மூன்று நான்கு மாதிரிக்கு ஒருமுறை ஒரு நியமக் கரைசலை ஓட்டி, வரைபடம் நகரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரும்பும் மற்ற உலோகங்களும்

நேர்மின் அயனிகள்தான் தொல்லை என்று தெரிந்தால், ஹைட்ரஜன் வடிவிலுள்ள வலுவான நேரயனிப் பரிமாற்றப் பிசின் வழியாக மாதிரியை மெதுவாக இறக்குங்கள். இரும்பு, குரோமியத்தின் நேரயனி, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் பிசினில் தங்கிவிடும், சல்பேட் இறங்கி வந்துவிடும். இந்தப் பிசின்கள் சல்போனிக் வகையைச் சேர்ந்தவை, புதிய பிசினிலிருந்து கொஞ்சம் சல்பேட்டே கசியலாம். முதலில் நிறைய வாலைவடிநீரில் அலசி, கடைசியில் வரும் நீரிலேயே ஒரு சல்பேட் சோதனை செய்து பார்த்துவிட்டு மாதிரியை ஊற்றுங்கள்.

முறையை மாற்ற வேண்டி வந்தால்

அயனி குரோமட்டோகிராபி கிடைக்குமானால், குறுக்கீடு அதிகமுள்ள மாதிரிகளுக்கு அதுவே முதல் தேர்வு. பேரியம் என்கிற பேச்சே அங்கே இல்லை. அயனிகள் ஒரு நீண்ட குழாயில் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். கார்பனேட் கரைசலில் ஓட்டும் வழக்கமான குழாய்களில் புளோரைடு, குளோரைடு, நைட்ரைட், புரோமைடு, நைட்ரேட், பாஸ்பேட், கடைசியாகச் சல்பேட் என்று வரிசை அமையும். பாலிபாஸ்பேட்டோ பழுப்பு நிறமோ அங்கே படிகத்தைத் தடுக்கும் பிரச்சினை கிடையாது. ஆனால் அதற்கும் கவலைகள் உண்டு. சல்பைட்டும் ஆக்சலேட்டும் சல்பேட்டை ஒட்டியே வரலாம். குளோரைடு அளவுக்கு மீறினால் குழாயே திணறும், நீர்த்தோ வெள்ளி வடிவிலுள்ள சிறு வடிகுழலில் குளோரைடைப் பிடித்துவிட்டோ ஓட்ட வேண்டும். பழுப்புக் கரிமப் பொருள் குழாயில் ஒட்டி அதன் ஆயுளைக் குறைக்கும்.

எடை பார்க்கும் முறை பழையது, நேரம் பிடிப்பது, ஆனால் சல்பேட் அதிகமுள்ள மாதிரியில் இன்றும் நம்பகமானது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கும் மாதிரியில் சூடான பேரியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 80 முதல் 90 டிகிரியில் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க வைக்க வேண்டும். இந்த நேரத்தில் சிறு படிகங்கள் கரைந்து பெரியவையாக வளரும், உள்ளே சிக்கிய மற்ற உப்புகளும் வெளியேறும். பிறகு வடிதாளில் வடிகட்டி, கழுவிய நீர் வெள்ளி நைட்ரேட்டில் வெளுக்காத நிலை வரும் வரை சூடான நீரில் கழுவி, 800 டிகிரியில் சுட்டு, ஆறவைத்து நிறுத்து, எடையை 0.4116-ஆல் பெருக்கினால் சல்பேட் கிடைக்கும். இங்கே குறுக்கீட்டின் முகம் வேறு. நைட்ரேட்டும் பேரியம் குளோரைடும் வீழ்படிவுக்குள் சிக்கினால் எடை கூடும். சோடியம், பொட்டாசியம் சல்பேட்டாகவே உள்ளே போனால் எடை குறையும், ஏனென்றால் அவை பேரியத்தைவிட இலேசானவை. சிலிக்கா லிட்டருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் முன்பே நீக்க வேண்டும். வடிதாளைத் தீப்பிடிக்க விடாமல் மெல்லக் கருக்குங்கள். தீப்பற்றினால் கரி, பேரியம் சல்பேட்டைச் சல்பைடாக்கி எடையைக் கெடுத்துவிடும்.

இடிடிஏ (உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள்) தரம்பார்த்தல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தெரிந்த அளவு பேரியத்தைப் போட்டு, மீந்ததை இடிடிஏவால் அளப்பது. கால்சியமும் மெக்னீசியமும் இடிடிஏவைத் தின்னும் என்பதால் கடினத்தன்மையைத் தனியாக அளந்து கழித்தே ஆக வேண்டும். கடினமான தண்ணீரில் இரண்டு பெரிய எண்களின் சிறு வித்தியாசமாகச் சல்பேட் வந்து நிற்கும். கருவி எதுவும் இல்லாதபோது மட்டும் இதை நாடுங்கள்.

எண் வந்த பிறகு

மற்ற அயனிகளின் அளவுகளும் கையில் இருந்தால் நேர், எதிர் அயனிகளைச் சமன் செய்து பாருங்கள். சல்பேட்டை 48-ஆலும், குளோரைடை 35.5-ஆலும், பைகார்பனேட்டை 61-ஆலும், கால்சியத்தை 20-ஆலும், மெக்னீசியத்தை 12.2-ஆலும், சோடியத்தை 23-ஆலும் வகுத்தால் மில்லி சமானம், அதாவது மின்னேற்றக் கணக்கில் ஒப்பிடக்கூடிய அளவு, வரும். நேர்ப்பக்கம் 12.0, எதிர்ப்பக்கம் 9.8 என்றால் 2.2 குறைகிறது. அது முழுக்கச் சல்பேட்டின் குறையென்றால் லிட்டருக்குச் சுமார் 106 மில்லிகிராம் நம் அளவிலிருந்து தப்பியிருக்கிறது. நைட்ரேட்டை அளக்க மறந்தாலும் இப்படி வரலாம், அதையும் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்பைக் சோதனைக்குப் போங்கள்.

அறிக்கையில் சல்பேட்டாக எழுதுகிறீர்களா, அதிலுள்ள கந்தகமாக எழுதுகிறீர்களா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். குடிநீரில் சல்பேட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் உடல்நல வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆனால் 500 மில்லிகிராமைத் தாண்டினால் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த எல்லையை ஒட்டி வரும் மாதிரியில் முறை, நீர்த்த அளவு, ஸ்பைக் முடிவு மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

குவெட்டை அளந்த கையோடு கழுவுங்கள். காயவிட்டால் பேரியம் சல்பேட் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டி, அடுத்த மாதிரியில் பொய்க் கலங்கலாக வரும். ஒட்டிவிட்டால் அமிலம் உதவாது, அமோனியா சேர்த்த சூடான இடிடிஏ கரைசலில் ஊறவைத்தால் விடும். பேரியம் குளோரைடு கடும் நச்சு. வாயால் பிப்பெட்டை உறிஞ்சவே கூடாது, கையுறை வேண்டும். மிஞ்சிய கரைசல்களைத் தொட்டியில் கொட்டாமல் ஒரு பெரிய புட்டியில் சேர்த்துவைத்து, சோடியம் சல்பேட் கரைசலை ஊற்றித் தெளியவிடுங்கள். மேலே தெளிந்த நீரில் இன்னும் கொஞ்சம் சோடியம் சல்பேட் விட்டுப் பார்த்து, வெளுக்கவில்லை என்றால் கரைந்த பேரியம் தீர்ந்துவிட்டது. அடியில் தங்கிய வெள்ளை வண்டலைத் திடக்கழிவாக உங்கள் கூடத்தின் விதிப்படி ஒப்படையுங்கள்.